கருணா பிரிவு, 2004: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2004 மார்ச்சில் விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா தலைமையை விட்டுப் பிரிந்தார். நாற்பது நாளில் அந்தப் பிரிவு அடக்கப்பட்டது. அதைப் பற்றிய கேள்விகள் மட்டும் இன்னும் ஓயவில்லை. அந்த ஆண்டில் பிறக்காத பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த நேரம் புலிகளின் தலைமை இருந்த வன்னியில் நின்றவர்களும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் வாய்ப்பேச்சிலேயே இருக்கின்றன. என் அபிப்பிராயம் வரும் இடத்தில் அது அபிப்பிராயம் என்று தெரியும்படி எழுதியிருக்கிறேன்.

கருணா எண்டது ஆர்? எல்லாரும் திட்டுற பேர் எண்டு மட்டும்தான் தெரியும்.

இயற்பெயர் விநாயகமூர்த்தி முரளிதரன். மட்டக்களப்பு கிரானைச் சேர்ந்தவர். 1983 யூலைக் கலவரத்தைத் தொட்டு இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக இயக்கங்களில் சேர்ந்த காலத்தில் புலிகளிடம் போனார். 1980களின் பிற்பகுதியிலிருந்து மட்டக்களப்பு–அம்பாறைப் பகுதிக்கு அவரே கட்டளைத் தளபதி. தரம் கேணல். 'அம்மான்' என்றால் தாய்மாமன். இயக்கத்தின் புலனாய்வுப் பொறுப்பாளர் பொட்டு அம்மானைப் போல இவருக்கும் அது மரியாதைப் பெயராக ஒட்டிக்கொண்டது.

வெளியுலகம் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தது 2002 இறுதியில். தாய்லாந்தில் நடந்த இரண்டாம் சுற்றுப் பேச்சுவார்த்தை மேசையில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கத்தோடு அவரும் இருந்தார். அதுவரை சீருடையில் மட்டும் அறியப்பட்டவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார்.

2004இல உண்மையில என்னதான் நடந்தது? சுருக்கமாச் சொல்லுங்கோ.

மார்ச் 3ஆம் திகதி, மட்டக்களப்பு–அம்பாறை இனி வன்னித் தலைமையின் கீழ் இல்லை, தனியாக இயங்கும் என்று கருணா தரப்பு அறிவித்தது. அரசோடு தனியான போர்நிறுத்த ஏற்பாடு வேண்டும் என்று மத்தியஸ்தம் செய்த நோர்வேத் தரப்பிடமும் கேட்டது. மார்ச் 6ஆம் திகதி கிளிநொச்சியில் அரசியல்துறைப் பொறுப்பாளர் சு. ப. தமிழ்ச்செல்வன் ஊடகவியலாளரைக் கூட்டி, கருணா இயக்கத்திலிருந்து நீக்கப்பட்டார் என்றார். ரமேஷ் புதிய தளபதியாக அறிவிக்கப்பட்டார்.

ஏப்ரல் 2ஆம் திகதி பொதுத்தேர்தல். ஏப்ரல் 9ஆம் திகதி, பெரிய வெள்ளி, வன்னிப் படை வெருகல் ஆற்றைக் கடந்தது. மூன்று நாலு நாட்களில் கருணா தன் ஆட்களைக் கலைத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார்.

படுவான்கரை, எழுவான்கரை எண்டெல்லாம் சொல்றீங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியல. (சென்னையிலிருந்து)

மட்டக்களப்பு வாவி நிலத்தை நீளவாக்கில் பிரிக்கிறது. கடலோரம் சூரியன் எழும் பக்கம், அதனால் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே சூரியன் படும் பக்கம், படுவான்கரை. நகரம், கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதான வீதி எல்லாம் எழுவான்கரையில். அது இராணுவத்தின் கையில் இருந்தது. வயலும் காடும் மாட்டுப்பட்டியும் நிறைந்த படுவான்கரை புலிகளின் கையில். கருணாவின் முகாம்கள் அந்தப் பக்கத்திலும் அதற்கு அப்பால் குடும்பிமலைப் பகுதியிலும் இருந்தன. சிங்களத்திலும் இராணுவச் செய்திகளிலும் தொப்பிகல என்று வருவது இந்தக் குடும்பிமலைதான்.

வன்னி இதற்கு வடக்கே, திருகோணமலை மாவட்டத்தையும் தாண்டி இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் அப்போது தொடர்ச்சியான புலிப் பிரதேசம் இருக்கவில்லை. பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்த இடைவெளி முக்கியம்.

ஏன் பிரிஞ்சவர்? காசா, பயமா, பிரதேசமா?

அவர் சொன்ன காரணம் பிரதேசம். சாவது கிழக்குப் பிள்ளைகள், ஆள்வது வடக்கு. இயக்கத்தின் முப்பது துறைப் பொறுப்பாளர்களில் ஒருவர்கூடக் கிழக்கு இல்லை. சமாதான காலத்தில்கூட வன்னிக்கு இன்னும் ஆயிரம் போராளிகளை அனுப்பச் சொல்கிறார்கள். இவைதான் அவர் அடுக்கிய முறைப்பாடுகள்.

இயக்கம் சொன்ன காரணம் ஒழுக்கமும் நிதியும். காசு கையாடல், தனிப்பட்ட நடத்தை குறித்து விசாரணை வரவிருந்தது, அதிலிருந்து தப்பப் பிரதேசவாதத்தைக் கையிலெடுத்தார் என்றது.

என் அபிப்பிராயம்: இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கவேண்டும் என்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறோம்? கணக்குக் கேட்பார்கள் என்று பயந்த ஒருவர், பொய்யல்லாத ஒரு குறையைத் தூக்கிப் பிடிக்கலாம். பயம் அவருடையது. குறை ஊருடையது. ஊர் கொஞ்ச நாளாவது அவர் பக்கம் காதுகொடுத்ததற்குக் காரணம் அவர் மேலுள்ள பிரியமல்ல. அவர் சொன்னதை அவர் சொல்வதற்கு முன்பே வீட்டுத் திண்ணைகளில் பேசியிருந்தார்கள்.

முப்பது பேரில ஒருத்தரும் கிழக்கில்லை எண்டது சரியா?

எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு சண்டைபோடாமல் மேல்மட்டத்தைப் பாருங்கள். தலைவர் பிரபாகரன் வல்வெட்டித்துறை. புலனாய்வுப் பொறுப்பாளர் பொட்டு அம்மான் யாழ்ப்பாணம். கடற்புலிகளின் சூசை பொலிகண்டி. அரசியல்துறைத் தமிழ்ச்செல்வன் சாவகச்சேரி. கிழக்கைச் சேர்ந்தவர்கள் பெரிய படை நடத்தினார்கள். ஆனால் காசு, புலனாய்வு, அரசியல் என்ற மூன்று சாவியும் கிழக்கார் கையில் இருக்கவில்லை.

இதற்கு இயக்கத்தின் பக்கத்தில் ஒரு நியாயம் சொல்வார்கள்: ஆரம்பத்திலிருந்து இருந்தவர்கள் மேலே இருக்கிறார்கள், இயக்கம் வடமராட்சியில் பிறந்தது, அவ்வளவுதான். சரி. ஆனால் 1976இல் பிறந்த இயக்கத்துக்கு 2004இல் அந்த விளக்கம் கொஞ்சம் பழசு.

ஜெயசிக்குறு எண்டு ஏன் எல்லாரும் இழுக்கினம்? அது வேற சண்டை தானே?

1997 மே 13ஆம் திகதி தொடங்கிய இராணுவ நடவடிக்கை அது. வவுனியாவிலிருந்து ஏ–9 வீதியைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி வரை போய் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை திறப்பது நோக்கம். ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்தது. அதை மறிக்க மட்டக்களப்பு–அம்பாறையிலிருந்து ஜெயந்தன் படையணியும் பெண்களின் அன்பரசி படையணியும் காடுகளுக்குள்ளால் நடந்து வன்னிக்குப் போயின. களத்தில் கிழக்குப் படையை நடத்தியவர் கருணா. அவர் பெயர் எழுந்தது அந்தச் சண்டையில்தான்.

போனவர்களில் பெருந்தொகையானோர் திரும்பவில்லை. படுவான்கரைக் கிராமங்களில் ஒரே ஒழுங்கையில் மூன்று நாலு வீட்டில் மாவீரர் படம் தொங்குவது இந்தக் காலத்தால். 2004இல் கருணா 'எங்கட பிள்ளைகள்' என்று ஒரு சொல் சொன்னதும் அந்தப் படங்கள் எல்லாருக்கும் நினைவில் வந்தன. அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கொருவராகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது அவருடைய ஆட்களே என்பதும் பலருக்கு நினைவு வந்தது. அதை அப்போது சத்தமாகச் சொல்ல ஒருவரும் துணியவில்லை.

யாழ்ப்பாணம்–மட்டக்களப்புப் பிணக்கைக் கருணாதானே கிளப்பிவிட்டவர்?

இல்லை. செல்லையா இராசதுரையின் கதையைத் தெரிந்தால் போதும். 'சொல்லின் செல்வர்' என்று பெயரெடுத்தவர், 1956 முதல் தமிழரசுக் கட்சியின் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர். 1977 தேர்தலில் அதே மட்டக்களப்பில் அவருக்கு எதிராகத் தங்கள் பக்கத்து ஆளான காசி ஆனந்தனும் நின்றார். இராசதுரை வென்றார், காசி தோற்றார், ஆனால் காயம் ஆறவில்லை. 1979இல் இராசதுரை ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தாவி அமைச்சரானார். துரோகி என்று ஒரு பக்கம், யாழ்ப்பாணத்தார் தள்ளிவிட்டார்கள் என்று மறுபக்கம். இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு அதே இரண்டு வசனங்களும் துப்பாக்கியோடு திரும்பி வந்தன.

கருணா செய்தது வேறொன்று. மார்ச் கடைசியில் மட்டக்களப்பு நகரில் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து வியாபாரிகளையும் குடும்பங்களையும் வெளியேறச் சொன்னது அவரது தரப்பு. பெட்டி படுக்கையோடு பஸ் ஏறியவர்களில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை இயக்கம் விரட்டியபோது பார்த்த காட்சியின் சின்ன அச்சு இது. முறைப்பாட்டில் நியாயம் கண்டவர்கள்கூட இதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

தலைவரை எதிர்க்கேல்லை எண்டுதானே சொன்னவர்? பிறகெப்படித் துரோகம்?

ஆம், முதல் நாட்களில் பிரபாகரன்மீது மரியாதை உண்டு என்றும், தன் கோபம் பொட்டு அம்மான், பொலிஸ் பொறுப்பாளர் நடேசன், நிதிப் பொறுப்பாளர் தமிழேந்தி ஆகியோர் மீதே என்றும் சொன்னார். தலைவருக்குக் கீழேயே, ஆனால் நேரடியாக, கிழக்கைத் தனியாக நடத்துவது என்பது அவர் கேட்ட வடிவம். அரசனைத் திட்டாமல் மந்திரியைத் திட்டும் பழைய வழக்கம்தான்.

ஆனால் அந்த இயக்கத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. மத்திய குழுவைக் கூட்டி விவாதித்து, வாக்கெடுத்து, தோற்றவர் ஒதுங்கிப் போகும் ஏற்பாடு ஒன்றும் அங்கே நடைமுறையில் இருக்கவில்லை. சத்தியப்பிரமாணம் இயக்கத்துக்கு மட்டுமன்றித் தலைவருக்கும் சேர்த்தது. ஆகவே முறைப்பாடு ஒன்று இருந்தால் இரண்டே வழி: உள்ளுக்குள் விழுங்குவது, அல்லது வெளியே போவது. வெளியே போனால் பெயர் துரோகம். வன்னிக்கு வரும்படி அழைப்பு வந்தபோது கருணா போகவில்லை. மாத்தையாவுக்கு நடந்தது அவருக்குத் தெரியும்.

மாத்தையாவுக்கு என்ன நடந்தது?

கோபாலசுவாமி மகேந்திரராஜா, இயக்கத்தின் பிரதித் தலைவர். இந்திய உளவுத்துறையோடு சேர்ந்து தலைவரை அகற்றச் சதி செய்தார் என்று 1993இல் கைது செய்யப்பட்டு, 1994 டிசெம்பரில் கொல்லப்பட்டார். அவரோடு நெருங்கி நின்ற பலரும் போனார்கள். வெளியே ஒரு வழக்கு, ஒரு சாட்சி, ஒரு தீர்ப்பு என்று மக்கள் பார்க்கக்கூடியதாக எதுவும் நடக்கவில்லை.

இதை சதிப்புரட்சின்னு சொல்லலாமா, இல்ல வெறும் பிளவா?

சொல்லைப் பொறுத்தது. சதிப்புரட்சி என்றால் தலைமை இருக்கும் இடத்தைப் பிடித்து அந்தக் கதிரையில் உட்காரப் பார்ப்பது. மாத்தையாவின் மீது சுமத்தப்பட்ட குற்றம் அது. கருணா கிளிநொச்சியைப் பிடிக்க ஒரு அடிகூட வைக்கவில்லை; தன் பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார். ஆகவே பிளவு, அல்லது ஒரு படைப்பிரிவின் கிளர்ச்சி.

ஈழ இயக்கங்களின் வரலாற்றில் மூன்று மாதிரியும் உண்டு. 1980இல் உமா மகேஸ்வரன் புலிகளை விட்டுப் பிரிந்து பின்னர் புளொட் என்ற இயக்கத்தை நடத்தினார். 1982 மே 19ஆம் திகதி சென்னைப் பாண்டி பஜாரில் அவரும் பிரபாகரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டதில்தான் தமிழ்நாட்டுக்கே விஷயம் தெரிந்தது. 1986இல் ரெலோ என்ற இன்னொரு இயக்கத்துக்குள் தாஸ் அணியும் பொபி அணியும் மோதி, தாஸ் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்டார். அந்த உட்காயம் ஆறுமுன்னே புலிகள் ரெலோவை அழித்தார்கள். கருணா பிரிவின் புதுமை அளவில்தான். ஒரு மாகாணத்தின் பாதி, படை, நிர்வாகம், வரி எல்லாம் ஒரே நாளில் கழன்றது.

இயக்கம் ஏன் உடன அடிக்கேல்லை? ஒரு மாசம் பொறுத்தது ஏன்?

முதலாவது, தேர்தல். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பைப் புலிகள் தங்கள் குரலாக நிறுத்தியிருந்தார்கள். மட்டக்களப்பு வேட்பாளர்கள் கருணாவின் நிழலில் நின்றார்கள். வாக்கெடுப்புக்கு முன் அடித்தால் வாக்கு சிதறும். கூட்டமைப்பு நாடு முழுதும் 22 ஆசனங்கள் பெற்றது. மட்டக்களப்பில் மூத்தவரான ஜோசப் பரராஜசிங்கம் தோற்றார், பிறகு தேசியப் பட்டியலில் வந்தார். அந்தத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 30ஆம் திகதி, கருணாவுக்கு நெருக்கமான வேட்பாளர் ராஜன் சத்தியமூர்த்தி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாவது, போர்நிறுத்தம். 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய உடன்பாட்டின்படி ஆயுதத்தோடு ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் படை நகர்த்த முடியாது. மூன்றாவது, ஆட்கள். பொறுத்த அந்த மாதத்தில் ரமேஷ், கௌசல்யன், ராம் போன்ற கிழக்குப் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவராக வன்னிப் பக்கம் சேர்ந்தார்கள். பிறகு அடித்தவர்களில் முன்னுக்கு வந்தவர்கள் இவர்கள். யாழ்ப்பாணத்தான் வந்து அடித்தான் என்று சொல்ல முடியாதபடி மட்டக்களப்பானைக் கொண்டே மட்டக்களப்பானை அடித்தார்கள். ஈவிரக்கமற்ற கணக்கு, ஆனால் சரியான கணக்கு.

வெருகலில என்ன நடந்தது? ஒருத்தரும் விரிவாச் சொல்லுறேல்லை.

வெருகல் ஆறு திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் எல்லை. தென்கரையில் கருணாவின் காவல் நிலைகள். பெரும்பாலும் இளசுகள், பெண் போராளிகள் கணிசம். பெரிய வெள்ளி விடியற்காலையில் வடகரையிலிருந்து ஆற்றைக் கடந்தார்கள். கடல் பக்கத்தாலும் கதிரவெளி, வாகரைக் கரையில் இறங்கினார்கள். காவல் நிலையில் இருந்தவர்களுக்கு எதிரே வந்தவர்களைத் தெரியும். சிலருக்கு ஆயுதம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரே எதிர்ப்பக்கம். அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் என்னிடம் சொன்னது: "பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. எழும்பி வா, சுட மாட்டம் எண்டாங்க. பக்கத்தில இருந்தவன் எழும்பினான்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டார்கள், பெண் போராளிகள் கொடுமைக்கு உள்ளானார்கள் என்று மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு எழுதியது. ஆண்டுதோறும் வெருகலில் நினைவுகூர்வோர் உண்டு. அதையும் ஒரு கட்சி நிகழ்ச்சியாக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

ஆறாயிரம் பேர் இருந்தாங்களாமே, நாலு நாளில எப்படி முடிஞ்சுது?

ஐந்தாயிரம், ஆறாயிரம் என்பது அன்றைய செய்திகளில் வந்த தொகை. தாளில் இருந்த தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் கணிசமானோர் பதினெட்டு வயதுக்குக் கீழே. அனுபவப்பட்ட நடுமட்டத் தளபதிகள் மேலே சொன்னபடி போய்விட்டார்கள். மிச்சம் நின்றவர்கள் இராணுவத்தோடு சண்டைபோடப் பழகியவர்கள். நேற்றுவரை ஒரே சோறு தின்றவனைச் சுடப் பழகியவர்களல்ல.

பின்வாங்க இடமுமில்லை. வடக்கே வெருகல், கிழக்கே இராணுவக் கட்டுப்பாடு, மேற்கே சிங்களக் கிராமங்கள். தொடர்ந்தால் இரத்தக்களறி, அதனால் கலைத்தேன் என்றார் கருணா. அவரது எதிரிகள் அதைக் கோழைத்தனம் என்றார்கள். அந்த நாற்பது நாளில் அவர் எடுத்த முடிவுகளில் இந்த ஒன்றில் மட்டும் எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை.

வீட்ட போகச் சொன்ன பிள்ளையள் வீட்ட போய்ச் சேர்ந்ததுகளா?

சேர்ந்தார்கள். சைக்கிளிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் தாய் தகப்பன் முகாம் வாசலுக்குப் போய் நின்றார்கள். ஒரு தாய் பையில் பழைய பாடசாலைக் கவுணைக் கொண்டுபோனாராம். மகள் அதைப் போட்டுக்கொண்டுதான் வாசல் தாண்டினாளாம். கவுண் முழங்காலுக்கு மேலே நின்றது, அத்தனை வளர்ந்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் இப்படித் திரும்பினார்கள்.

பிறகு மீண்டும் தொடங்கியது. கிழக்கைத் திரும்பப் பிடித்த வன்னித் தரப்பு, முன்னாள் போராளிகள் வந்து பதியவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது, வீடு வீடாக வந்தது. சர்வதேச மனித உரிமை அமைப்புகள் அதை அந்த ஆண்டிலேயே பதிவுசெய்தன. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு கூட்டம் அதே பிள்ளைகளைத் தேடியது, இம்முறை கருணா பெயரில். 2006 நவம்பரில் ஐ.நா. சிறப்பு ஆலோசகர் அலன் ரொக், கருணா குழு சிறுவரைக் கடத்திச் சேர்க்கிறது, படையினரில் சிலர் அதற்கு உடந்தை என்று வெளிப்படையாகச் சொன்னார். 'எங்கட பிள்ளைகள்' என்று பிரிந்தவரைப் பற்றிய பேச்சு அது.

எல்லாம் ரணில் செய்த வேலையாம், உண்மையா?

பிரிவு வரும்போது ரணில் விக்கிரமசிங்க பிரதமர். ஆனால் 2003 நவம்பரிலேயே ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளைப் பறித்துவிட்டார்; படை அவர் கையில். பிரிவுக்குப் பிறகு கருணாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனவர் ஐக்கிய தேசியக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் அலி ஸாஹிர் மௌலானா. விஷயம் வெளிவந்ததும் 2004 யூனில் பதவி விலகினார்.

2005 ஜனாதிபதித் தேர்தல் மேடைகளில் ரணிலின் ஆட்களான மிலிந்த மொரகொட, நவீன் திசாநாயக்க போன்றோர், புலிகளைப் பலவீனப்படுத்தியது தாங்களே என்று மார்தட்டினார்கள். சிங்கள வாக்குக்காகச் சொன்னது வன்னியில் கேட்டது. புலிகள் வாக்களிப்பைப் புறக்கணிக்கச் செய்தார்கள். மஹிந்த ராஜபக்ஷ சுமார் 1,80,000 வாக்குகளால் வென்றார். வெடிப்பு உள்ளே இருந்தது, வெளியார் விரலை விட்டார்கள் என்பது என் வாசிப்பு.

மறுகா அவர் எங்க போனார்? பிள்ளையான் எண்டது ஆர்?

முதலில் நிழல் யுத்தம். 2004 யூலை 25ஆம் திகதி கொழும்புக்கு அண்மையில் கொட்டாவையில் ஒளித்திருந்த அவரது ஆட்கள் உட்பட எட்டுப் பேர் தூக்கத்தில் கொல்லப்பட்டார்கள். 2005 பெப்ரவரி 7ஆம் திகதி புலிகளின் மட்டக்களப்பு அரசியல் பொறுப்பாளர் கௌசல்யன் பொலன்னறுவைப் பாதையில் கொல்லப்பட்டார். கூடப் போன முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சந்திரநேரு அரியநாயகமும் இறந்தார். இவற்றுக்கு முன்னரே, 2004 மே மாதக் கடைசி நாளில், ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் கொல்லப்பட்டார். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள் ஜோசப் பரராஜசிங்கம். நகரத்தில் மாலை ஆறு மணிக்குக் கடை பூட்டிய காலம் அது.

கருணா தரப்பு தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் என்ற பெயரில் கட்சியானது. பிள்ளையான் என்கிற சிவநேசதுரை சந்திரகாந்தன் அதில் அவருக்கு அடுத்தவர். 2007இல் இருவருக்கும் முறிந்தது. பிரிந்தவரிடமிருந்து பிரிவு, இந்த முறையும் உள்ளே பேசித் தீர்க்க ஏற்பாடு இருக்கவில்லை. கருணா வேறு பெயரிலான கடவுச்சீட்டில் இலண்டன் போய் 2007 நவம்பரில் பிடிபட்டு ஒன்பது மாதத் தண்டனை பெற்றார். 2008 மேயில் பிள்ளையான் கிழக்கின் முதலாவது முதலமைச்சர். திரும்பி வந்த கருணா அதே ஆண்டு ஒக்டோபரில் நியமன நாடாளுமன்ற உறுப்பினர், 2009இல் சுதந்திரக் கட்சியில் சேர்ந்து அமைச்சர். 2025 மார்ச்சில் பிரித்தானியா அவர்மீது தடை விதித்தது.

கருணா பிரியாமல் விட்டிருந்தா இயக்கம் தோத்திருக்காது தானே?

இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்னால் கேட்டவருக்கு நிம்மதி. ஒரு துரோகி, ஒரு தோல்வி, கணக்கு முடிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2006 யூலையில் மாவிலாறில் தொடங்கிய சண்டை சம்பூர், வாகரை என்று நகர்ந்து 2007 யூலை 11ஆம் திகதி குடும்பிமலையில் முடிந்தது. ஒரே ஆண்டில் கிழக்கு போனது. பிரிவு இல்லாவிட்டால் அது அத்தனை சுலபமாகப் போயிராது. ஆள் திரட்டும் ஊற்று வற்றியது, வன்னிக்கு இருந்த இரகசியங்கள் மறுபக்கம் போயின. இதெல்லாம் உண்மை.

ஆனால் 2006இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் போட்ட தடை, ஆயுதக் கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டது, படையின் பெருக்கம், இவை எவையும் கருணாவின் கையில் இல்லை. கிழக்கார் எல்லாரும் பிரிந்துபோனதாகவும் பேசாதீர்கள். ரமேஷ் கடைசிவரை வன்னியில் நின்றார். 2009 மே முடிவில் அவர் படையினர் கையில் உயிரோடு விசாரிக்கப்படும் காணொளி பின்னர் வெளிவந்தது.

கிழக்குக்கு இதால ஏதும் கிடைச்சுதா?

முதலமைச்சர் கதிரை கிடைத்தது என்பார்கள். அதற்கு முன் 2006 ஒக்டோபரில் உயர்நீதிமன்றம் வடக்கு–கிழக்கு இணைப்பு செல்லாது என்றது; 2007 தொடக்கம் கிழக்கு தனி மாகாணம். தனியாக வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தனியாகக் கிடைத்தது, கேட்காத கையால், கேட்காத வடிவில்.

அம்பாறைத் தமிழருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். 2020 பொதுத்தேர்தலில் கருணா அங்கே தனியாக நின்று சுமார் 29,000 வாக்கு எடுத்தார். வெல்லப் போதாது. கூட்டமைப்பின் வாக்கும் உடைந்தது. அந்த மாவட்டத்திலிருந்து தெரிவான தமிழ் உறுப்பினர் எண்ணிக்கை பூச்சியம்.

இப்ப மட்டக்களப்பில இதைப் பற்றி வெளிப்படையாக் கதைக்கலாமா?

ஆளைப் பார்த்துக் கதைக்கலாம். கட்சிக்காரர் முன்னால் ஒரு மாதிரி, வெளிநாட்டிலிருந்து வந்தவர் முன்னால் இன்னொரு மாதிரி. வீட்டுக்குள் கதைப்பது மூன்றாவது மாதிரி.

படுவான்கரையில் ஒரு வீடு எனக்குத் தெரியும். மூத்தவன் ஜெயசிக்குறுவில் இறந்தான். அவன் பெயர் மாவீரர் பட்டியலில் உண்டு. இளையவன் வெருகலில் கருணா பக்கம் நின்று இறந்தான், பட்டியலில் இல்லை. மாவீரர் நாளான நவம்பர் 27 வந்தால் தாய் தரவைத் துயிலும் இல்லத்துக்குப் போய் மூத்தவனுக்குச் சுடர் ஏற்றுகிறார். திரும்பி வந்து, கால் கழுவி, வீட்டுச் சாமித்தட்டுக்குக் கீழே இன்னொரு விளக்கை ஏற்றுகிறார். அதை ஏன் அங்கேயே ஏற்றவில்லை என்று பேரன் கேட்டானாம். "அங்க காத்து" என்றாராம்.